பதினோரு அடி

நவம்பர் 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் அத்தானின் வலது முழங்கால் மழை நாளில் மட்டும் முனகும்; மழை நின்றதும் அதுவும் நின்றுவிட்டது. உன் முதுகு எப்படி இருக்கிறது? தூர்வாரும் கப்பலில் அந்த நாற்காலியிலேயே பன்னிரண்டு மணி நேரம் உட்காராதே, நடுவில் எழுந்து நட என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். நடக்கிறாயா, இல்லை தலையை மட்டும் ஆட்டுகிறாயா?

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை காலை கொல்லையில் பல் தேய்க்கப் போன அத்தான் வாயில் நுரையோடு திரும்பி வந்தார். "அடியே, வேலிக் கம்பம் ரெண்டும் நிக்குது. நடுவுல வேலியக் காணோம்" என்றார். போய்ப் பார்த்தேன். வேலியோடு அது நின்ற மண்ணையும் காணோம். ஓடை கரையை ஒரு கடி கடித்துக்கொண்டு போயிருக்கிறது. மிச்சக் கரை ஒன்பது அடி உயரத்துக்குச் சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கிறது. விளிம்பிலிருந்து பின்னறைச் சுவருக்குப் பதினோரு அடி. போன வருடம் இதே மாதம் பத்தொன்பது அடி இருந்தது. அத்தான் டேப் வைத்து அளந்து கதவுக்குப் பின்னால் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்.

அந்த அறை யாருக்கென்று உனக்குத் தெரியும். ஜூலையில் ஒப்பந்தம் முடிந்து நீ வந்து இருக்க வேண்டுமென்று நாம் மூன்று பேரும் சேர்ந்து கட்டியது. அடுத்த மழை ஜூனில். அதற்குள் கரையைச் சரிசெய்யாவிட்டால் நீ வருவதற்கு முன்பே ஓடை குடிவந்துவிடும்.

இரண்டு வருடம் முன்பு விடுமுறையில் வந்தபோது வாடகைக்குப் பொக்லைன் எடுத்து மூன்று நாள் ஓடையை ஆழப்படுத்தினாயே, தெருவே நின்று வேடிக்கை பார்த்ததே, அதே இடம்தான். மண் வேலை நம் வீட்டில் உனக்குத்தான் தெரியும். மெஷின்காரர்களில் நல்லவரை எப்படிக் கண்டுபிடிப்பது? முப்பது வருடம் தபால் ஆபீஸில் கையெழுத்தைப் பார்த்து ஆளைச் சொன்னவள் நான். மெஷினைப் பார்த்துச் சொல்லத் தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


நவம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நடக்கிறேன். கப்பலின் முனையிலிருந்து முனைவரை நூற்று நாற்பது அடி. தினம் பத்து முறை. சமையல்காரர் என்னைப் பார்த்து, "ஐயாவுக்கு எதாவது தொலைஞ்சு போச்சா?" என்று கேட்கிறார். முதுகு பரவாயில்லை. அத்தானின் முழங்காலை நான் விசாரித்ததாகச் சொல்.

கப்பல் இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் துறைமுகம் தொடுகிறது. உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. பதினோரு அடி என்று படித்ததும் கப்பல் தளத்தில் அதை நடந்து அளந்து பார்த்தேன். அன்றைக்கு நான் நாலடி ஆழம் எடுத்திருக்காவிட்டால் இந்நேரம் தண்ணீர் அடுப்படியில் நின்றிருக்கும். இன்னும் ஓரடி எடுத்திருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது.

ஆளைத் தேர்ந்தெடுக்க நான் சொல்வதைக் கேள். மெஷின் எவ்வளவு பெரிது என்று கேட்காதே; பெரிய மெஷின் வைத்திருக்கும் முட்டாள் பெரிதாகக் கெடுப்பான். இதற்கு முன் செய்த வேலையைக் காட்டச் சொல். புது வேலை வேண்டாம், எல்லாப் புது வேலையும் அழகாகத்தான் இருக்கும். குறைந்தது இரண்டு மழை பார்த்த வேலையாக இருக்க வேண்டும். மெஷினில் யார் உட்காரப் போகிறார் என்று கேள். வந்து பேசுவது ஒருவர், ஓட்டுவது முந்தாநாள் சேர்ந்த ஆள் என்றால் வேண்டாம். நீர்த்துறை அனுமதி தேவையில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பவனை வாசலோடு அனுப்பிவிடு. இன்னொன்று: வருகிறவர் செருப்பைக் கழற்றித் தண்ணீரில் இறங்குகிறாரா என்று பார். கரையில் நின்றபடியே பதில் சொல்கிறவர் எங்கும் அதே பதிலைத்தான் சொல்வார்.

கம்பெனியில் இன்னும் மூன்று வருடம் இருக்கச் சொல்கிறார்கள். ஏப்ரல் கடைசிக்குள் சொல்ல வேண்டும். சும்மா உனக்குத் தெரியட்டும் என்று எழுதினேன்.

அன்புடன்,
தம்பி


டிசம்பர் 20

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாம் வழக்கம்போல. எனக்கு ஒரு வாரம் ஜலதோஷம். இப்போது மூக்கு திரும்ப என் வசம் வந்துவிட்டது. சமையல்காரரிடம், தொலைந்து போனது தம்பியின் சோம்பல் என்று சொல்.

இதுவரை இரண்டு பேர் வந்தார்கள். முதலாமவரை ஊரில் எல்லோரும் அரைநாள் என்கிறார்கள். ஏனென்று வந்த உடனே தெரிந்தது. வண்டியிலிருந்து இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, "இதாம்மா? அரை நாள் வேலை. மண்ணக் கொட்டி அமுக்கிட்டுப் போயிடுறேன்" என்றார்.

"எங்கேருந்து மண்ணு கொண்டு வருவீங்க?" என்று அத்தான் கேட்டார்.

"எதிர்க்கரைலேருந்துதான் சார். அங்க நிறையக் கிடக்குதே."

"அங்க ஒரு குடும்பம் இருக்குதேய்யா."

"அவங்க வீடு தள்ளியில்ல இருக்கு?"

அனுமதியைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். நீ சொன்னபடி வாசலோடு அனுப்பினேன். அவர்தான் வாசலுக்கு உள்ளேயே வரவில்லையே.

இரண்டாமவர் சுவர்க்காரர். சுத்தமான சட்டை, சுத்தமான பேச்சு. காங்கிரீட் சுவர், பத்தடி உயரம், நேர்கோடு, மூன்று வாரம். "உங்க ரூமுல ஒரு சுண்ணாம்புத் துகள்கூட விழாதும்மா" என்றார். அந்த ஒரு பேச்சு எனக்குப் பிடித்தது. அனுமதி வாங்குவதாகவும் சொன்னார். தண்ணீரில் இறங்கவில்லை, ஷூ புதியது. பழைய வேலையைக் காட்டுங்கள் என்றேன். போன மாதம் முடித்த இடத்தின் விலாசம் கொடுத்தார். இரண்டு மழை பார்த்தது எது என்று கேட்டேன். "தேடிப் பார்த்துச் சொல்றேன்மா" என்றார். தான் கட்டிய சுவரைத் தேட வேண்டியிருக்கிறது பாவம்.

மூன்றாவதாக ஒரு அம்மா இருக்கிறாராம். ஓடைக்கரை வேலை மட்டுமே செய்வதால் கரைக்காரம்மா என்று பெயர். கணவர் மெஷின் ஓட்டுகிறார், இவர் நிர்வாகம். அடுத்த மாதம்தான் நேரமாம். வரட்டும்.

மூன்று வருடத்தைப் பற்றி எழுதியிருந்தாய். படித்தேன்.

உன் அக்கா


ஜனவரி 30

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். டிசம்பர் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. கப்பல் தொலைவில் இருக்கும் என்று அத்தான் சொல்கிறார். அவருக்கு முழங்கால் நன்றாக இருக்கிறது. தினமும் காலையில் போய் அளக்கிறார். பத்தடி பத்து அங்குலம்.

கரைக்காரம்மா வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வந்ததும் வணக்கம் சொன்னார், செருப்பைக் கழற்றினார், புடவையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார். ஒரு மணி நேரம் மேலே ஏறவில்லை. நம் கரையிலிருந்து மேல்புறம் நர்ஸம்மா வீடுவரை நடந்தார், கீழே பாலம்வரை நடந்தார். குச்சியை அடியில் குத்திக் குத்திப் பார்த்தார். கணவர் மேலே நோட்டுப் புத்தகத்தோடு நின்று, இவர் கத்துவதையெல்லாம் எழுதினார். "ரெண்டே காலா, ரெண்டரையா?" என்று கேட்டதற்கு, "காதுல என்ன, களிமண்ணா?" என்று கீழேயிருந்து பதில் வந்தது. எனக்கு அவர்களைப் பிடித்துவிட்டது.

மேலே வந்து நிறையச் சொன்னார். கரையைச் சரிவாக வெட்ட வேண்டும், அடியில் கல் போட வேண்டும், மேலே நார்ப்பாய் விரித்துத் தண்ணீரோரம் வளரும் மரத்தின் பச்சைக் குச்சிகளை நட வேண்டும், வேர் பிடித்தால் கரையை வேரே பிடித்துக்கொள்ளும் என்றார். மற்றதெல்லாம் தொழில் விவரம், உனக்கு எழுதி என்ன.

பழைய வேலைக்குத் தானே அழைத்துப் போனார். ஆறு மழை பார்த்த கரை. எது செய்தது, எது தானாக இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நாணலும் மரமும் தண்ணீரும்தான் இருந்தன. திரும்பும் வழியில், சுவர்க்காரர் நாலு வருடம் முன்பு கட்டிய சுவர் ஒன்று இருப்பதாக அத்தான் கேள்விப்பட்டு, அதையும் பார்த்தோம். சுவர் முன்பக்கம் ஒரு சாண் சாய்ந்திருக்கிறது. அடியில் தண்ணீர் குடைந்த பொந்தில் ஒரு நாய் படுத்திருந்தது. சுவர் முடிகிற இடத்தில் பக்கத்து வீட்டுக் கொல்லை பாதி இல்லை.

யோசித்துப் பார்த்ததில் சுவரே போதுமென்று தோன்றுகிறது. சுவர்க்காரரிடம் பேசலாம் என்றிருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு கடிதமும் ஒரே நாளில் கிடைத்தன. இந்த முறை நாற்பது நாள் கடலிலேயே இருந்தோம். நான் சௌக்கியம். முடி வெட்டிக்கொண்டேன், கண்ணாடியில் அப்பா எட்டிப் பார்க்கிறார்.

ஜனவரிக் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உனக்கு உடம்பு சரியில்லையா? சாய்ந்த சுவரைப் பார்த்திருக்கிறாய். பொந்தையும் அதில் நாயையும் பார்த்திருக்கிறாய். ஆறு மழை தாங்கிய கரையையும் பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டுச் சுவர் போதும் என்கிறாய். தபால் ஆபீஸில் ஒட்டாத ஸ்டாம்பை ஒட்டினதாக ஒருநாளாவது எழுதினவளா நீ?

இன்னொன்று. கரை ஏன் சரிகிறது? ஒரு மணி நேரம் தண்ணீரில் நின்ற பெண்மணி காரணம் சொல்லாமல் இருந்திருக்க மாட்டார். வேலையை எழுதியிருக்கிறாய், காரணத்தை எழுதவில்லை. "தொழில் விவரம், உனக்கு எழுதி என்ன" என்றால் வேறு யாருக்கு எழுதுவாய்? என் தொழிலே அதுதானே, அக்கா.

மூன்று பேரின் திட்டக் காகிதங்களையும் அனுப்பு. நான் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை யாருக்கும் சரி சொல்லாதே.

அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி


மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

எனக்கு உடம்பும் நன்றாக இருக்கிறது, புத்தியும் நன்றாக இருக்கிறது. அப்பா எட்டிப் பார்த்தால் நான் கேட்டதாகச் சொல்.

காகிதங்களை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அரைநாள் காகிதமே தரவில்லை. சுவர்க்காரருடையது நாலு பக்கம். கரைக்காரம்மாவுடையதில் முதல் பக்கம் மட்டும் இருக்கிறது, மற்றவை எங்கேயோ வைத்துவிட்டேன்.

சுவர்க்காரருக்குச் சரி சொல்லிவிட்டேன். ஏப்ரல் 28 அன்று ஆள்கள் வருகிறார்கள். நீ சொல்லும்வரை பொறுக்க நினைத்தேன், ஆனால் உன் கடிதம் வந்து போவதற்குள் மழை வந்துவிடும் போலிருக்கிறது. நல்லபடியாக முடியும், கவலைப்படாதே.

பின்னறை ஜன்னலுக்குத் திரைத்துணி எடுத்தேன். சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடு. அத்தான், "கப்பல்ல இருந்து வர்றவனுக்குச் சாம்பல் எதுக்கு, பளிச்சுன்னு எடு" என்றார். உனக்கு எது பிடிக்கும்? கட்டிலை ஜன்னலை ஒட்டிப் போடவா, எதிர்ச்சுவரை ஒட்டியா?

கம்பெனிக்கு என்ன பதில் சொன்னாய் என்று எழுதவில்லையே.

உன் அக்கா


மார்ச் 25

மதிப்பிற்குரிய ஐயா,

நலம் விழைகிறேன். என் திட்டக் காகிதத்தின் முகப்பில் இருந்த விலாசத்துக்கு நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. கப்பலில் தூர்வாரும் வேலை செய்பவர் என்று எழுதியிருந்ததால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

உங்கள் அக்கா வீட்டுக் கரை சரிவதற்கு மழை காரணமில்லை. சில வருடம் முன்பு யாரோ ஓடையின் அடியை அறுபது அடி நீளத்துக்கு நாலடி ஆழம் எடுத்திருக்கிறார்கள். வளைவை நேராக்கியிருக்கிறார்கள். ஓரத்து நாணலையும் ஒரு மரத்தையும் வேரோடு பிடுங்கியிருக்கிறார்கள். ஐந்தடிக் கரை ஒரே நாளில் ஒன்பதடிக் கரை ஆகிவிட்டது. காலடியில் பிடிமானமில்லை, தண்ணீருக்கு வேகம் கூடிவிட்டது. சரியாமல் என்ன செய்யும்? கீழே பள்ளம் விழுந்ததால் மேலேயிருந்து தண்ணீர் அதில் குதிக்கிறது. குதிக்கிற இடம் மெல்ல மெல்ல மேல்நோக்கி நகர்ந்து, இப்போது நர்ஸம்மா வீட்டுக் கரையையும் தின்கிறது. துணி உலர்த்தும் கம்பம் போய்விட்டது என்றார்.

தோண்டியவர் சாதாரண ஆள் இல்லை. அடி அவ்வளவு மட்டமாக, கோடு அவ்வளவு நேராக இருக்கிறது. வேலை தெரிந்த கை. ஓடையைத் தெரியாத கை. யாரென்று உங்கள் அக்காவிடம் கேட்டேன். "யாரோ மெஷின்காரர். இப்ப ஊர்ல இல்ல" என்றார். கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்பேன் என்றேன். "நல்ல மனசோடதாம்மா தோண்டினாரு. திட்டாதீங்க" என்றார். முன்பின் தெரியாத ஆளுக்கு ஏன் அப்படிப் பரிந்து பேசினார் என்று எனக்குப் புரியவில்லை.

செய்ய வேண்டியது: அடியில் குறுக்கே கல்வரிசைகள் போட்டு மட்டத்தை இரண்டடி உயர்த்தலாம். மிச்சம் ஏழடிக் கரை. ஓரடி உயரத்துக்கு இரண்டடி சரிவு என்றால் பதினான்கு அடி. அதற்கு மேல் ஆறடி சும்மா விட வேண்டும். ஆக, இருபது அடி. இருப்பது பதினொன்றுகூட இல்லை. பின்னறையின் அகலம் பத்தடி. அந்த அறையை எடுத்தால் வீடு நிற்கும். அறையை வைத்துக்கொண்டு நல்ல வேலை செய்ய எனக்குத் தெரியாது. முன்னால் தள்ளிக் கட்டினால் எதிர்க்கரைக் குடும்பத்தின் மண் போகும்.

இதைச் சொன்னதும் உங்கள் அக்கா உள்ளே போனார். பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார். அதற்குப் பிறகு தகவல் இல்லை.

நீர்த்துறை அனுமதிக்கு இரண்டு மாதம் ஆகுமென்பதால் பிப்ரவரியிலேயே மனுப் போட்டு வைத்திருக்கிறேன். சரி சொல்வார் என்பதற்காகப் போடவில்லை. சொன்னால் நேரம் இருக்க வேண்டுமே. ஏப்ரல் முடிவதற்குள் தொடங்கினால்தான் மழைக்கு முன் வேர் பிடிக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கரை வேலை ஒப்பந்ததாரர்


ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்பு சரியில்லையா? கம்பெனி அலுவலகத்துக்குப் போன் போட்டேன். கப்பல் துறைமுகத்தில் இருக்கிறது, எல்லோரும் நலம் என்றார்கள். துறைமுகத்தில் தபால் பெட்டி இல்லையா?

சுவரைப் பற்றி நான் உன்னைக் கேட்காமல் முடிவு செய்ததில் கோபமா? கோபமென்றால் திட்டி எழுது. திட்டும் ஒரு கடிதம்தான்.

பத்தடி ஏழு அங்குலம்.

உன் அக்கா


ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது.

கரைக்காரம்மாவுக்கு நான் எழுதினேன். நீ அனுப்பிய முதல் பக்கத்தில் விலாசம் இருந்தது. அவர் எல்லாவற்றையும் எழுதிவிட்டார். அவருக்குத் தெரியாத ஒன்றை நான் திருப்பி எழுதிவிட்டேன்: அந்த மெஷின்காரன் நான்தான், நாலு வார்த்தைக்குத் தயாராக இருக்கிறேன் என்று.

அக்கா, கடலில் தோண்டினால் பக்கத்து மண் சரிந்து பள்ளம் தானே தூரும். அடுத்த வருடம் திரும்ப வந்து தோண்டுவோம். அங்கே கரையில் யாரும் கட்டில் போட்டுப் படுத்திருப்பதில்லை. இருபத்தாறு வருடம் பார்த்தது அதைத்தான். நம் ஓடையைக் கப்பல் போகும் கால்வாய் என்று நினைத்துவிட்டேன். நாணலைப் பிடுங்கியபோது நர்ஸம்மா மேலேயிருந்து, "தம்பி, அது இருந்துட்டுப் போகட்டுமே" என்றார். மெஷின் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்தேன். கேட்டது.

இன்னும் ஓரடி எடுத்திருக்கலாம் என்று நவம்பரில் உனக்கே எழுதினேன். அதைப் படித்துவிட்டும் நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. காரணம் தெரிந்த பிறகு எனக்குத் திரைத்துணி எடுத்திருக்கிறாய்.

அறையை இடித்துவிடு. சுவர்க்காரரை வர வேண்டாமென்று சொல். கரைக்காரம்மாவுக்குச் சரி சொல். இந்த ஒரு முறை என் பேச்சைக் கேள். ஓடை விஷயத்தில் என் பேச்சைக் கேட்கக் கூடாதென்று தெரிந்தும் சொல்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 22

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் நேற்று வந்தது. முப்பது வருடம் ஊர்த் தபாலையெல்லாம் பிரித்து அடுக்கியவளுக்குத் தெரியாமல், என் முதுகுக்குப் பின்னால் கடிதம் போட்டிருக்கிறாய். இரண்டு கன்னத்திலும் கொடுக்க வேண்டும். வந்ததும் கொடுக்கிறேன்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். கரைக்காரம்மா முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, "இது யாரும்மா தோண்டினது?" என்றார். அத்தான் பெருமையாக வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன். நல்ல முழங்கால் இருக்கிற கால்தான். வீட்டுக்குள் வந்ததும், "எதுக்குடி மிதிச்சே?" என்றார். சொன்னேன். அதற்குப் பிறகு அவரும் உன் பெயரை எடுக்கவில்லை.

உன் மேல் குற்றம் சொல்லக் கூடாதென்று மட்டும் மறைக்கவில்லை. அது பாதிதான். நீ இரண்டு தடவை வருகிறேன் என்று சொல்லி, இரண்டு தடவையும் மூன்று மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டவன். முதல் தடவை தங்க இடமில்லை என்றாய், அதனால் அறை கட்டினோம். இரண்டாம் தடவை முதுகு இன்னும் தாங்கும் என்றாய். இப்போது அறையும் போய்விட்டது, போனதற்கு நீதான் காரணம் என்று தெரிந்தால், ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாய் என்று பயந்தேன். சாயும் சுவர் என்று தெரிந்துதான் சுவர் கேட்டேன். நீ வரும்வரை நின்றால் போதும், பிறகு சாயட்டும் என்றிருந்தேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயதாகிறது. மூன்று வருடம் சின்னக் கணக்கு இல்லை.

சுவர்க்காரரை நிறுத்திவிட்டேன். "ரூம் போயிடுமேம்மா" என்றார். "தெரியுங்க" என்றேன். கரைக்காரம்மாவிடம் நேரில் போய்ச் சரி சொன்னேன். உன் கடிதம் அவருக்கும் வந்திருக்கிறது. மடித்து நோட்டுப் புத்தகத்தில் வைத்திருக்கிறார். என்ன நினைக்கிறார் என்று முகத்தில் தெரியவில்லை. அனுமதி வந்துவிட்டது; 29-ம் தேதி தொடங்குகிறார்கள்.

அறை போகட்டும். நீ கையெழுத்துப் போட்டாயா இல்லையா, அதை மட்டும் எழுது.

உன் அக்கா


மே 8

அன்புள்ள அக்காவுக்கு,

கையெழுத்துப் போடவில்லை.

இதை முதல் வரியில் எழுதிவிட்டேன், இனி மெதுவாகப் படி. உன் கடிதம் 1-ம் தேதிதான் கிடைத்தது. கடைசி நாள் 30. அதனால் நீ சொன்னதற்காகச் செய்ததாக நினைத்துக்கொள்ளாதே. ஆனால் நீ பயந்தது சரிதான். கேப்டன் காகிதத்தை வைத்துப் பேனாவை நீட்டியபோது, 'அறைதான் இல்லையே, எந்த முகத்தோடு போவது' என்று எனக்கே தோன்றியது. பேனாவை வாங்கினேன். பிறகு அத்தான் காலையில் போய் அளப்பதை நினைத்தேன். பத்தடி ஏழு அங்குலம் என்று நீ எழுதியது எனக்குத் திட்டு மாதிரிதான் கேட்டது. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "உடம்பு சரியில்லையா?" என்றார் கேப்டன். எல்லோரும் இதையே கேட்கிறீர்கள்.

ஜூலை 5 ஞாயிறு வந்து சேர்வேன். எங்கே படுப்பேன் என்று மட்டும் சொல். உன் கட்டிலைக் காலி செய்யாதே. அத்தானின் குறட்டை எனக்குப் பழக்கம். என்ஜின் அறைக்கு மேலேதான் இத்தனை வருடம் படுத்திருக்கிறேன்.

தம்பி


ஜூன் 21

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். இது உன் கப்பலுக்கு நான் எழுதும் கடைசிக் கடிதம் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அறையை ஒரே காலையில் எடுத்தார்கள். கதவு, ஜன்னல், ஓடு எல்லாவற்றையும் முழுதாகக் கழற்றி அடுக்கிய பிறகுதான் மெஷினைக் கிட்டே விட்டார் கரைக்காரம்மா. நான் அடுப்படியில் வேலை இருக்கிற மாதிரி நின்றேன். வேலை ஒன்றுமில்லை. சத்தம் நின்றதும் திரும்பிப் பார்த்தால் அடுப்படிக்குள் அவ்வளவு வெளிச்சம். இந்த வீட்டில் இருபத்தைந்து வருடமாக இருக்கிறேன், என் கடுகு டப்பாவின் நிறம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு நாலு வாரம். தண்ணீரைக் குழாயில் ஒரு பக்கமாகத் திருப்பினார்கள். பெரிய கல்லை அடியில் பாதி புதையும்படி வைத்தார்கள். ஒரு கல் சரியாக உட்காரவில்லை என்று கணவரை ஏழு தடவை எடுக்க வைத்தார். எட்டாவது தடவை அவர் மெஷினை அணைத்துவிட்டு, "நீயே தூக்கி வைச்சுக்கோ" என்று போய் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். பத்து நிமிடம் கழித்து இவர் போய்த் தண்ணீர் கொடுத்தார். எட்டாவது தடவையும் எடுத்தார்கள். சரிவு வெட்டிப் பாய் விரித்துக் குச்சி நட்டார்கள். பார்க்க வெறும் குச்சி. அத்தான் என்னிடம், "இதுக்கா ரூம இடிச்சோம்?" என்று காதில் கேட்டார். நட்ட மூன்றாம் வாரம் துளிர்த்தது. அத்தானும் வாயை மூடினார்.

12-ம் தேதி பெரிய மழை. தண்ணீர் ஏறி முதல் கல்வரிசையைத் தாண்டியது, சரிவில் பாதிவரை வந்தது, குச்சிகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றது, மறுநாள் மதியம் இறங்கிவிட்டது. நாலு குச்சி சாய்ந்தது, மண் போகவில்லை. அத்தான் பழக்கத்தில் டேப்பை எடுத்துக்கொண்டு போனார். எங்கேயிருந்து அளப்பது என்று தெரியாமல் நின்றார். விளிம்பு என்று ஒன்று இப்போது இல்லை. புல்லில் நடந்துகொண்டே போனால் கால் நனைகிறது, அவ்வளவுதான்.

படுக்கைக்கு வருகிறேன். முன்னறையில் என் தையல் மெஷினைத் தள்ளிவிட்டு உன் கட்டிலைப் போட்டாயிற்று. இறக்கிய கதவை நடுவில் நிறுத்தித் தச்சர் ஒரு தடுப்புப் பண்ணிக் கொடுத்தார். காலை முழுதாக நீட்டினால் தடுப்பில் இடிக்கும். கொஞ்சம் மடக்கிக்கொள்.

நர்ஸம்மாவிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். நீ வந்து சொல்வாய் என்று விட்டிருக்கலாம். நீ வாசலில் நின்று தலையைச் சொறிவதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நம்ம தம்பிதானே? வரட்டும். நான் ஊசி போட்டு ரொம்ப நாளாச்சு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

கரைக்காரம்மா உன் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. என்னிடம் சொல்லி அனுப்பினார். நர்ஸம்மா பக்கம் கல்லும் சரிவும் முடிந்துவிட்டன, நடவை மட்டும் பாக்கி வைத்திருக்கிறாராம். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நீ அங்கே இருக்க வேண்டும். "உங்க தம்பி மெஷின் பக்கமே வரக் கூடாதும்மா. கையால நடட்டும், நானூறு குச்சி" என்றார். அவனுக்கு முதுகுவலி என்றேன். ஒரு நிமிடம் யோசித்தார். "சரி, முந்நூத்தைம்பது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அத்தானும் நானும் ரயில் நிலையத்துக்கு வருகிறோம்.

உன் அக்கா